ஆளில்லாத அறையை ஏன் வரைய வேண்டும்?

நம் மொரீஷியஸ் தீவின் கத்ர் போர்ன் நகரில் மாலைநேரத் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர் ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். அவரிடம் தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தி பள்ளி இறுதித் தேர்வுக்கு ஓவியத்தையும் ஒரு பாடமாக எடுத்திருக்கிறாளாம். மலையும் கடலும் கரும்புத் தோட்டமும் வரைவாள் என்று வீட்டார் எதிர்பார்த்திருக்க, அவளோ வீட்டின் வெறும் அறைகளையும் தரையில் விழும் சன்னல் வெளிச்சத்தையும் வரைந்துகொண்டிருக்கிறாள். ‘காண்பதும் இருப்பதும்’ என்று தலைப்பும் கொடுத்துவிட்டாள். ஓர் ஓவியர் இப்படிப்பட்ட பொருளை ஏன் தேர்ந்தெடுக்கிறார், இதையெல்லாம் தத்துவமாக எழுதிவிட்டால் போதாதா, வரைந்ததற்கான காரணங்களை வரைந்தவரே எழுதிக் கொடுக்கத்தான் வேண்டுமா என்று மூன்று கேள்விகளை ஆசிரியர் கேட்கிறார். சுவரையும் நிழலையும் வரைந்தே காலத்தைக் கழித்தவன் என்பதால் என்னிடம் கேட்டிருப்பார் போலும்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எழுத்தே போதும் என்று ஆகிவிட்டால் மற்ற இரண்டுக்கும் வேலையில்லை.

நம் தீவின் தென்மேற்கு முனையில், லெ மோர்ன் மலைக்கு எதிரே, கடலுக்கடியில் ஓர் அருவி பாய்வது போன்ற படத்தைப் பார்க்காதவர் நம்மில் அநேகமாக இருக்க மாட்டார்கள். ஹெலிகாப்டரில் சுற்றிக்காட்டுபவர்களின் விளம்பரத்தில் எல்லாம் அதுதான். உண்மையில் அங்கே எதுவும் விழவில்லை. பவளத் திட்டின் ஆழமற்ற விளிம்பிலிருந்து மணலும் வண்டலும் நீரோட்டத்தில் இழுபட்டு ஆழத்தை நோக்கிச் சரிந்திருக்கின்றன. நீரின் நிறம் வெளிர்நீலத்திலிருந்து கருநீலத்துக்கு மாறுகிறது. இவ்விரண்டும் சேர்ந்து மேலிருந்து பார்ப்பவருக்கு அருவியாகத் தெரிகின்றன. அதே இடத்தில் படகிலிருந்து வலை வீசுபவருக்கு அருவி என்று எதுவும் கிடையாது. இதுவரை சொன்னது புவியியல் பாடம். எனக்கு வேண்டியது இதற்கு அடுத்தது. இந்த விளக்கத்தை முழுவதும் படித்து, ஒப்புக்கொண்டு, பிறகு அந்தப் படத்தை மீண்டும் எடுத்துப் பாருங்கள். அருவி அப்படியே பாய்ந்துகொண்டிருக்கும். அறிவு திருந்திவிட்டது; காட்சி திருந்தவில்லை. கண் எடுத்த முடிவை அறிவு எவ்வளவு முயன்றும் மாற்ற முடியாத இடங்கள் உண்டு என்றால், காண்பது எப்படி நடக்கிறது என்று விசாரிப்பவர் காட்சிக்கு வெளியே நின்று வாக்கியங்களால் மட்டும் விசாரிப்பது, வழக்கில் முதன்மைச் சாட்சியை அழைக்காமலே தீர்ப்பு எழுதுவது போல ஆகிவிடும். காட்சிக்குள்ளேயே இறங்கி ஏதேனும் செய்தாக வேண்டும். ஓவியம் அப்படிச் செய்யப்படும் வேலைகளுள் ஒன்று.

கண் நம்மைக் கேட்காமலே எவ்வளவு செய்துவிடுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட நான் கையாளும் வழி மிக எளியது. ஒரு கறுப்பு அட்டை. அதில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை. எங்கள் ஊர்க் கோயில் மடைப்பள்ளியின் பின்சுவர் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தது. பிற்பகலில் அது முழுக்க நிழலில் இருக்கும். அதற்கு முன்னால் போகும் தார்ச்சாலையிலோ வெயில் நேராக விழும். சுவர், சாலை இரண்டில் எது அதிக வெளிச்சமாக இருக்கிறது என்று கேட்டால் எல்லாரும் சுவர் என்றுதான் சொல்வார்கள். சுவர் வெள்ளை, சாலை கறுப்பு, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல என்னைப் பார்க்கவும் செய்வார்கள். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அட்டையைக் கை நீட்டிப் பிடித்து, துளை வழியாகச் சுவரின் ஒரு துண்டையும் அடுத்துச் சாலையின் ஒரு துண்டையும் பார்க்கச் சொல்வேன். துளைக்குள் சுவரும் இல்லை, சாலையும் இல்லை. நிறம் மட்டும் இருக்கிறது. சுவர்த் துண்டு நீலம் கலந்த சாம்பல். துளையைக் கீழே இறக்க இறக்க, புல்லில் பட்டுத் திரும்பும் ஒளியால் அதில் பச்சை ஏறுகிறது. சாலைத் துண்டு அதே அளவு வெளிச்சமாக, சில நாட்களில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தெரிகிறது.

கணக்கும் இதைத்தான் சொல்கிறது. நல்ல வெயிலில் நேராக விழும் ஒளி, அதை அளக்கும் அலகில், ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். திறந்தவெளி நிழலில் அது 10,000 அளவுக்குக் குறைந்துவிடும். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 100க்கு 80 பங்கைத் திருப்பி அனுப்பும். வெளிறிய பழைய தார் 10 பங்கை அனுப்பும். முதலாவது 8,000, இரண்டாவது 10,000. கண்ணுக்கு வந்து சேர்ந்த ஒளியில் சாலைதான் சற்று முந்துகிறது. கண் நமக்குச் சொல்வதோ சுவர் வெள்ளை, சாலை கறுப்பு என்று.

இதைக் கேட்டதும் கண் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டிவிடுபவர்கள் உண்டு. மாயாவாதத்துக்கு ஒரு படி ஏறிவிட்டதாக மகிழ்பவர்களும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கண் வந்து சேர்ந்த ஒளியை அளந்து சொல்லும் கருவியாக இருக்க விரும்பவில்லை. எதிரே என்ன பொருள் இருக்கிறது என்பதைச் சொல்லவே அது விரும்புகிறது. நிழலைக் கழித்து, வெயிலைக் கழித்து, சுவர் சுண்ணாம்பு அடித்தது என்ற செய்தியை மட்டும் நம்மிடம் கொடுக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை நாம் அறியாமலே நடக்கும் அனுமானம் என்று விளக்கினார். கண்ணின் உடலியலை ஆராய்ந்த அவரே, ஓவியர்களின் வண்ணப் பயன்பாட்டைப் பற்றியும் உரை நிகழ்த்தியவர். அவருக்கு இரண்டு நூற்றாண்டுகள் முன்னரே பிரான்சில் மரியோத் என்பவர், விழித்திரையில் நரம்பு வெளியேறும் இடத்தில் பார்வையே கிடையாது என்று கண்டறிந்திருந்தார். அந்தக் குருட்டுப் பகுதி சிறியது அன்று; வானத்தில் பத்து முழுநிலவுகளை வரிசையாக வைத்தால் அதற்குள் அடங்கிவிடும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வானத்தைப் பார்க்கும்போதுகூட நாம் யாரும் அந்த ஓட்டையைக் காண்பதில்லை. சுற்றியிருப்பதைக் கொண்டு அது நிரப்பப்பட்டுவிடுகிறது, தைத்த தடம்கூடத் தெரியாமல்.

இப்போது ஓவியரின் நிலையைப் பாருங்கள். குழாயிலிருந்து வரும் வெள்ளை வண்ணத்துக்கும் கறுப்பு வண்ணத்துக்கும் இடையே உள்ள வெளிச்ச வேறுபாடு மிஞ்சிப்போனால் சில பத்து மடங்குதான். வெளியே வெயிலும் நிழலுமாகக் கிடக்கும் தெருவில் அது ஆயிரக்கணக்கான மடங்கு. ஆகவே உள்ளதை உள்ளபடி எடுத்து வைப்பது என்பது தொடக்கத்திலேயே நடக்காத காரியம். நிழலில் நிற்கும் வெள்ளைச் சுவருக்கு வெள்ளையைப் பூசினால் சுவர் வெயிலில் நிற்பதாக ஆகிவிடும். துளை வழியாகக் கண்ட அந்தச் சாம்பல்நீலத்தைப் பூசினால், பூசியவுடன் அது சாம்பல்நீலச் சுவராகத்தான் இருக்கும். பிள்ளைகள் பயந்து அழித்துவிடுவார்கள். அழிக்காமல், சுற்றியுள்ள சாலை, புல், வானம், வாசற்படி எல்லாவற்றையும் அதே உறவில் ஒவ்வொன்றாகக் கலந்து வைத்துக்கொண்டே போனால், ஏதோ ஒரு தூரிகை இழுப்பில், தொடப்படாமலே அந்தச் சாம்பல்நீலம் வெள்ளைச் சுவராக மாறிவிடுகிறது. வண்ணம் மாறவில்லை, வைத்த இடத்தில் அதே கலவைதான் இருக்கிறது. மாறியது என்னுள் நடக்கும் ஒன்று. நாள் முழுவதும் என்னை அறியாமல் நடந்துகொண்டிருக்கும் அந்த வேலை, அந்த ஒரு கணத்தில், என் கண்ணெதிரே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது. நான் சுவர்களை வரைவதற்கான முதன்மைக் காரணம் இதுதான். கருத்து ஒன்று முன்பே என்னிடம் இருந்து அதைப் படமாக விளக்குகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காண்பது நடக்கும் விதத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

இந்தக் காரணத்தை வாழ்க்கை முழுவதும் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டவர் பிரெஞ்சு ஓவியர் செசான். தென்பிரான்சின் எக்ஸ் (Aix) நகருக்கு அருகிலுள்ள ஒரே மலையை அவர் திரும்பத் திரும்ப வரைந்ததற்கு அந்த மலையின் அழகு போதுமான காரணமாகாது. அதைவிட அழகிய மலைகள் நம் மோக்காத் தொடரிலேயே இருக்கின்றன. தலையை ஒரு விரல் அளவு திருப்பினாலும் உறவுகள் மாறிவிடுகின்றன என்பதுதான் அவரை அங்கே கட்டிப்போட்டது. 1899இல் ஓவிய வணிகர் வொல்லாரின் உருவப்படத்தை வரைந்தபோது அவரை 115 முறை அசையாமல் உட்கார வைத்ததாகவும், கடைசியில் கையில் இரண்டு சிறு இடங்களை வெறுமையாகவே விட்டுவிட்டதாகவும் வொல்லாரே எழுதியிருக்கிறார். அங்கே ஏதோ ஒரு வண்ணத்தை ஒப்புக்கு வைத்தால், அந்த இடத்திலிருந்து தொடங்கிப் படம் முழுவதையும் மீண்டும் வரைய வேண்டிவரும் என்பது செசான் சொன்ன காரணம். உறுதியாகத் தெரியாத இடத்தில் தூரிகையை நிறுத்தும் இந்த நேர்மையை நான் வேறு பல துறைகளில் தேடியும் அதிகம் பார்த்ததில்லை. 1906இல், வெளியில் வரைந்துகொண்டிருந்தபோது மழையில் நனைந்து நோயுற்று, சில நாட்களில் இறந்துபோனார்.

நம் நாட்டுத் தமிழருக்கு இதே விசாரணையில் இறங்க ஒரு தனி வாசல் உண்டு. அதை யாரும் பயன்படுத்திக்கொள்வதாகத் தெரியவில்லை என்பது என் வருத்தம். இங்கே தமிழ் எழுத்து கோயில் முகப்பில் இருக்கிறது, காவடிக்கான அழைப்பிதழில் இருக்கிறது, நம் பையிலுள்ள ரூபாய்த் தாளில் எண்ணுருக்களோடு இருக்கிறது. 1998இல் வந்த தாள்களில் தமிழுக்குரிய இடம் மாற்றி அச்சிடப்பட்டதற்காக நம்மவர் கிளர்ந்தெழுந்து, அந்தத் தாள்களையே திரும்பப் பெற வைத்தது பலருக்கு நினைவிருக்கும். அன்று கிளர்ந்தவர்களில் பலருக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது என்று கேலி பேசியவர்களும் இருந்தார்கள். நான் அதைக் கேலிக்குரியதாக எண்ணவில்லை. வாசிக்கத் தெரியாதவர் எழுத்தின் வடிவத்தைப் பார்க்கிறார். வாசிக்கத் தெரிந்தவரால் அதைப் பார்க்கவே முடியாது, ஏனென்றால் வடிவம் கண்ணில் பட்ட நொடியிலேயே ஓசையும் பொருளும் வந்து அதை மூடிவிடுகின்றன. உங்கள் மாலை வகுப்பில், எழுத்துகள் வெறும் சுழிகளாகவும் கோடுகளாகவும் இருந்து வாசிப்பாக மாறும் அந்தச் சில வாரங்களை நீங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள். ஒருமுறை மாறிவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடுகிறது. கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்து, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்த கே. சி. எஸ். பணிக்கர் 1960களில் வரைந்த படங்களில், சாதகக் கட்டங்களைப் போன்ற கோடுகளுக்கு நடுவே எழுத்தைப் போன்ற, ஆனால் எந்த மொழியிலும் வாசிக்க முடியாத வரிகள் நிறைந்திருக்கும். அவற்றைப் பார்க்கும்போது வாசிக்க முயன்று, தோற்று, மீண்டும் முயன்று, கண் தன் பழக்கத்தோடு மல்லுக்கட்டுவதை உணரலாம். மாணவிக்கு இவருடைய படங்களின் அச்சுகளையாவது காட்டுங்கள்.

இனி, இருப்பது. இங்கேதான் எச்சரிக்கை தேவை. இருப்பைப் பற்றிய ஓவியம் என்று பெயர் சூட்டப்பட்டு, கருமையான திட்டுகளும் நடுவில் ஒரு தனி உருவமுமாகக் கண்காட்சிகளில் தொங்கும் படங்களில் பெரும்பாலானவை எதையும் விசாரிப்பதில்லை; ஒரு மனநிலையை அறிவிப்பதோடு நின்றுவிடுகின்றன. பொருள் இருக்கிறது என்பதும் அது எனக்குத் தோன்றுகிறது என்பதும் ஒன்றா, வேறா என்ற கேள்வி படத்துக்குள் எழ வேண்டும். எழாவிட்டால் தலைப்பு மட்டும்தான் இருப்பைப் பற்றியது.

அந்தக் கேள்வி நம் தீவிலேயே எழுந்து நிற்கும் இடங்கள் உண்டு. டோடோ பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். டச்சுக்காரர் 1598இல் இங்கே இறங்கினர். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ இல்லை. இன்று அது நாட்டுச் சின்னத்தில் நிற்கிறது, சட்டைகளில் நிற்கிறது, ஐந்து வயதுக் குழந்தைக்கும் அடையாளம் தெரிகிறது. ஆனால் நாம் அடையாளம் கண்டுகொள்வது பெரும்பாலும் 1626 அளவில் ரூலாந்த் சாவெரி வரைந்த கொழுத்த, சோம்பலான பறவையை. அவர் மொரீஷியஸுக்கு வந்தவரே அல்லர். 1865இல் மார் ஓ சோன்ஜ் சதுப்பு நிலத்தில் எலும்புகள் கிடைத்த பிறகு, அவற்றை வைத்து ஆராய்ந்த பிற்கால அறிவியலாளர் பலர், உயிருள்ள பறவை அவ்வளவு பருத்ததாக இருந்திருக்காது என்று கருதுகிறார்கள். முகலாய மன்னர் ஜகாங்கீரின் அவை ஓவியரான உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் சிற்றோவியம் ஒன்று ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட உயிருள்ள டோடோவைப் பார்த்து வரைந்திருக்கக்கூடும் என்பதால் ஆராய்ச்சியாளர்கள் அதை மதிக்கிறார்கள். அந்தப் படத்திலுள்ள பறவை மெலிந்தது, விழிப்பானது, நம் சட்டைகளில் இருப்பதற்கு உறவினர்போலவே தோன்றாதது. இல்லாமல் போன ஓர் உயிர், ஓர் ஓவியரின் தூரிகை எப்படிப் போனதோ அப்படியே இருந்துகொண்டிருக்கிறது என்றால், வரைபவருடைய பொறுப்பு எத்தகையது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

போர்ட் லூயியின் புளூ பென்னி அருங்காட்சியகத்தில் இதற்கு நேர்மாறானதைக் காணலாம். 1847இல் இங்கே வெளியான அஞ்சல்தலைகள் இரண்டின் மூலங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். 1993இல் நம் நாட்டு நிறுவனங்கள் கூட்டாக வாங்கித் திரும்பக் கொண்டுவந்தவை. ஒளி பட்டால் அவற்றின் வண்ணம் வெளிறும் என்பதால், ஒவ்வொரு மணி நேரத்திலும் சில நிமிடங்கள் மட்டுமே அவற்றின்மேல் விளக்கு எரியும். மற்ற நேரங்களில் நகல்களைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். பார்க்கப்படுவதே ஒரு பொருளின் இருப்பை அரிக்கிறது என்ற நிலையை இதைவிடத் தெளிவாக எந்த ஓவியரும் அமைத்துக் காட்ட முடியாது என்று நான் நினைப்பதுண்டு. அந்த அறையில் நகலை மூலமென்று எண்ணிப் படம் எடுத்துக்கொண்டு திருப்தியோடு போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் குறைந்தது ஒன்றுமில்லை என்றே தோன்றும்.

ஓவியர்களில், இந்தக் கேள்வியை யாரும் போகாத தூரத்துக்குக் கொண்டுபோனவர் ரோமன் ஓபால்கா. போலந்து நாட்டவரான இவர் 1965இல் வார்சாவில் ஒரு கரிய திரைச்சீலையின் இடது மேல்மூலையில் 1 என்று வெள்ளை வண்ணத்தால் எழுதி, அடுத்து 2, அடுத்து 3 என்று தொடங்கினார். 2011இல் இறக்கும் வரையில் வேறு எதையும் வரையவில்லை என்றே சொல்லிவிடலாம். எல்லாத் திரைச்சீலைகளும் ஒரே அளவு, 196க்கு 135 சென்டிமீட்டர். தூரிகையை ஒருமுறை தோய்த்தால் வண்ணம் தீரும் வரை எழுதுவார். ஆகவே எண்கள் பளிச்சென்று தொடங்கி மங்கிக்கொண்டே போய் மீண்டும் பளிச்சிடும். 1972 முதல் ஒவ்வொரு புதிய திரைச்சீலையின் பின்புலத்திலும் ஒரு விழுக்காடு வெள்ளையைக் கூட்டிக்கொண்டே வந்ததால், கடைசி ஆண்டுகளில் வெள்ளையின்மேல் வெள்ளையாக எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் தம் முகத்தை ஒரே விதமான ஒளியில் படம் எடுத்துக்கொண்டார். அவர் எழுதிய கடைசி எண் 5607249. இதைக் கேட்டதும் பைத்தியக்காரத்தனம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் எண் வளர வளர முடி நரைப்பதையும், பின்புலம் வெளிறுவதையும், எழுதப்பட்டது கண்ணுக்குத் தெரியாமல் போவதையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, காலம் கழிகிறது என்று நாம் பேச்சுக்குச் சொல்வது ஒரு பொருளாக எதிரே நிற்கிறது. அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட முடியும். நானே இப்போது சொல்லிவிட்டேன். சொன்னதால் அது உங்களுக்கு நிகழ்ந்துவிடவில்லை.

நம் நாட்டவர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். 1902இல் வக்கோவாவில் பிறந்த மால்கம் தெ ஷாசால் அமெரிக்காவின் லூசியானாவில் பொறியியல் படித்து, திரும்பி வந்து சர்க்கரைத் தொழிலிலும் பிறகு தொலைபேசித் துறையிலும் வேலை பார்த்தவர், பிரெஞ்சில் எழுதியவர், 1950களில் தூரிகையைக் கையில் எடுத்தவர். கியூர்ப்பிப் தாவரவியல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது ஓர் அசேலியாப் பூவைத் தாம் பார்க்க, அந்தப் பூவும் தம்மைப் பார்ப்பதைக் கண்டதாகவும், தம் எழுத்தும் ஓவியமும் அங்கிருந்தே பிறந்ததாகவும் அவர் சொல்லிவந்தார். அவருடைய படங்களில் நிழலே இருக்காது. பூவும் மீனும் டோடோவும் மலையும் கலப்பில்லாத வண்ணத்தில் தட்டையாக, நேருக்கு நேராக நிற்கும். குழந்தை வரைந்தது போலிருக்கிறது என்பார்கள். எல்லாப் படங்களும் ஒரே தரத்தவை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் நிழலை நீக்கியது அறியாமையால் நேர்ந்ததன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. நிழல் என்பது பார்ப்பவர் ஓரிடத்தில் நிற்கிறார் என்பதற்கு அடையாளம், பூவே நம்மைப் பார்க்கும் படத்தில் அதற்கு இடமில்லை.

பூ பார்த்தது என்ற பேச்சு ஐரோப்பியக் காதுகளுக்கு அதிசயமாக இருந்திருக்கலாம். கும்பாபிஷேகம் பார்த்து வளர்ந்த நமக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. சிலை செதுக்கும் ஸ்தபதி எல்லா உறுப்புகளையும் முடித்துவிட்டு, கண்ணைக் கடைசிக்கு வைத்திருப்பார். உரிய நேரத்தில், திரைக்குள், பொன்னூசியால் விழிக்கோட்டைக் கீறிக் கண்ணைத் திறப்பார்கள். திறந்த கண்ணுக்கு முதலில் பசுவையும் கன்றையும் கண்ணாடியையும் காட்டுவார்கள். அதுவரை அது செதுக்கிய கல். அதற்குப் பிறகு நாம் அதைப் பார்க்கப் போவது மட்டுமன்றி, அதன் பார்வையில் படவும் போகிறோம்; கூட்டத்தில் தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் பாட்டிக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு கடுமையான சிந்தனை மரபும் இருக்கிறது. கண் தானாகக் காண்பதில்லை, உயிர் கண்ணுக்குக் காட்டித் தானும் உடன் காண்கிறது, அந்த உயிருக்கும் அவ்வாறே காட்டித் தானும் உடன் காண்பவன் இறைவன் என்று மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் சொன்னார். இறைவன் என்ற கடைசிப் படியில் உங்கள் மாணவிக்கு உடன்பாடு இருக்கிறதா என்பது அவளுடைய விருப்பம். காண்பது என்பது தனியொரு கண்ணின் வேலையன்று, அதற்குள் காட்டுபவர் ஒருவரும் இருக்கிறார் என்ற முதற்பாதி எந்த ஓவியருக்கும் நேரடியாகப் பயன்படும். சுவரை வரையும்போது அந்தச் சுவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

ஆளில்லாத அறைக்கு இப்போது வரலாம். டென்மார்க் ஓவியர் ஹாமர்ஷோய் 1898 முதல் 1909 வரை கோபன்ஹேகனில் தாம் குடியிருந்த வீட்டின் அறைகளையே வரைந்துகொண்டிருந்தார். அவற்றுள் 1900இல் வரைந்த ஒன்றில் ஆளும் இல்லை, மேசை நாற்காலியும் இல்லை. ஒரு கதவு, ஒரு சன்னல், சன்னல் வழியாகச் சாய்ந்து இறங்கும் வெயில், அந்த வெயிலில் மிதக்கும் தூசி, அவ்வளவுதான். யாரும் இல்லாதபோது அறை எப்படி இருக்கும் என்று காட்டுவதாக அந்தப் படம் சொல்கிறது. ஆனால் ஒருவர் அங்கே நின்று பல நாட்கள் பார்த்திருந்தால்தான் படம் வந்திருக்க முடியும். இப்போது அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நானும் அந்த அறைக்குள் நிற்கிறேன். பார்க்கப்படாத இருப்பைப் பார்க்க வேண்டும் என்ற நடக்காத ஆசை அந்த வெறும் சுவரில் அப்படியே நிற்கிறது. உங்கள் மாணவி ஏன் வெறும் அறையை எடுத்துக்கொண்டாள் என்று வீட்டார் கேட்டால், இதைத்தான் அவள் தேடுகிறாள் என்று சொல்லலாம். அவளுக்கே இன்னும் அப்படித் தெரியாமல் இருக்கலாம், அதனால் குற்றமில்லை.

மூன்றாவது கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஓவியர் காரணங்களை எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை. எழுதியவர்களுள் பலர் படத்தைக் கெடுத்திருக்கிறார்கள். ஆனால் தேர்வுக்கு ஓர் எழுத்துரை கேட்கிறார்கள் என்றால் அவள் எழுதத்தான் வேண்டும். அதில் ‘காட்சிக்கும் இருப்புக்கும் இடையிலான உறவை ஆராய்கிறேன்’ என்று தொடங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வாக்கியத்தை எந்தப் படத்துக்கும் கீழே ஒட்டலாம். எந்த அறை, எத்தனை மணி வெளிச்சம், நாக்கோ சன்னலின் கண்ணாடிப் பட்டைகள் வழியாகத் தரையில் விழுந்த கோடுகளுக்கு எந்த வண்ணம் என்று முதலில் நினைத்தாள், பிறகு உண்மையில் எதையெல்லாம் கலக்க வேண்டியிருந்தது, எந்த இடத்தில் தூரிகையை நிறுத்தினாள் என்று எழுதட்டும். முதலில் கிரியோலிலோ தமிழிலோ, எந்த மொழியில் அவள் வீட்டில் பேசுகிறாளோ அதில் எழுதிவிட்டு, பிறகு தேர்வு மொழிக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

இன்னொன்று, சற்று அவசரமானது. அவள் வரையும் சன்னல் வடக்குப் பார்த்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் தீவில் சூன் மாதத்து நண்பகலில் சூரியன் வடக்கே ஏறத்தாழ 47 பாகை உயரத்தில்தான் நிற்கும். அதனால் வெயில் அறைக்குள் நன்றாக நீண்டு விழும். செப்டம்பர் பிற்பகுதியில் அது 70 பாகைக்கு ஏறிவிடும், டிசம்பரில் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே வந்துவிடும். அப்போது அந்தத் தரையில் அவள் வரைந்த கோடுகள் இருக்காது. ஆகஸ்டு முடிவதற்குள் அந்தப் படத்தை முடித்துவிடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் நிழல்களின் விளிம்புகளையாவது, நேரத்தைக் குறித்து, தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து வைத்துக்கொள்ளட்டும். அதை அழிக்க வேண்டாம் என்று வீட்டாரிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.